பீப்பாய்க்காரர் மனைவி அச்சில் வந்த கதை

ஹொன்ஜோவில் கால்வாயை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்தில் கடைசி வீடு யசுகோரோவுடையது. படங்களின் மூலையில் அவர் போடும் பெயர் ரன்கெய். அப்பா காற்றாடி செய்து விற்றவர். காற்றாடிகளுக்கு வீரர்களின் முகம் எழுதிப் பழகிய கைதான் பிறகு பெண்களின் முகத்துக்குத் தாவியது. நாற்பத்து மூன்று வயதுக்குள் தலை வாரும் பெண், கொசுவலையை விலக்கி எட்டிப் பார்க்கும் பெண், மழையில் செருப்பு வார் அறுந்து ஒற்றைக்காலில் நிற்கும் பெண் என்று முந்நூற்றுக்கு மேல் வரைந்திருந்தார். எல்லாருக்கும் ஒரே முகம்தான் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. யசுகோரோவுக்கு அதில் வருத்தம் கிடையாது. நீள முட்டை வடிவம், இரண்டு கீற்றுக் கண்கள், வளைந்த ஒரு மூக்கு, சின்னதாக ஒரு வாய். அதை மாற்றினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், கிமோனோவில் பூ மாறினால் போதும் என்பது அவர் கணக்கு.

சாதாரண நாளிலேயே குழம்பிப் போகிற ஆள். டோஃபு என்கிற சோயாக்கட்டி வாங்கக் கிளம்பி, வழியில் யாருடைய கழுத்து வளைவையோ பார்த்துக்கொண்டே போய், கத்தரிக்காய் ஊறுகாயோடு திரும்பி வருவார். மனைவி கினு டோஃபுக்காரர் வீட்டுப் பெண். அப்பா வீட்டுக்குப் போக வேண்டிய வியாபாரம் ஊறுகாய்க்காரனுக்குப் போகிறதே என்று அவள் இடித்துக் காட்டுவாள். பதினாறு வருடக் குடித்தனம். பிள்ளைகள் இல்லை. சண்டைக்குக் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவருடைய பத்துப் படங்கள் கொண்ட வரிசை ஒன்று வெளிவந்தது. ஒன்பது படங்கள், அவற்றை அச்சடித்து விற்கும் தோமிதாயா கடையில் கயிற்றில் தொங்கியபடியே இருந்தன. ஏழாவது மட்டும் அடுக்க அடுக்கத் தீர்ந்தது. குளித்துவிட்டு வந்த பெண் ஒருத்தி துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஈரத்தலையைப் பின்னுக்குத் தள்ளுகிற படம். பொதுக் குளியல்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே, அந்தப் பெண் நிஜமாகவே எங்கோ இருக்கிறவள் மாதிரி இருக்கிறாளே என்றார். யசுகோரோ வீட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்ற ஒன்பது பேரைப் போலத்தான் அவருக்குத் தெரிந்தாள். சரி, மழைக்காலத்தில் ஜனங்களுக்கு இப்படி ஏதாவது தோன்றும் என்று மடித்து வைத்துவிட்டார்.

ஆறாம் மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். அகலமான தோள், கைவிரல்கள் எல்லாம் காய்ப்பு, முழங்கால் வரை சேறு. பெயர் மொஹெய் என்றும், நோடாவில் சோயாச் சாறு ஊற்றி வைக்கும் பீப்பாய்கள் செய்கிறவர் என்றும், படகில் வந்ததாகவும் சொன்னார். பிறகு கிமோனோவின் மார்பு மடிப்புக்குள்ளிருந்து எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதே ஏழாவது படம். நோடாவில் ஒரு சரக்கு வியாபாரி தன் அறைத் தட்டியில் ஒட்டி வைத்திருந்ததாம். ஒரு பீப்பாயைக் கொடுத்துவிட்டு இதை உரித்து வாங்கி வந்தாராம்.

"ஐயா, இவ எங்க இருக்கா?" என்றார்.

யசுகோரோவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. படத்தில் இருக்கிறவள் யாருமில்லை, தானே மனதில் வைத்து வரைந்தது என்று விளக்கினார். மொஹெய் தடித்த விரலால் படத்தைத் தொடாமல் அதன்மேல் காட்டினார். இடது காதுக்குக் கீழே மிளகில் பாதி அளவு ஒரு மச்சம். இடது புருவத்தின் வால் பக்கம் பிளந்து சின்ன இடைவெளி. அந்த இடைவெளி சிறு வயதில் கிணற்றுக் கயிறு அறுந்து அடித்ததால் வந்தது. அவள் பெயர் தாமி. என் மனைவி. மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீர் எடுக்கப் போனவள் வாளியைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு எங்கோ போய்விட்டாள். ஆற்றில் தேடினோம், கிடைக்கவில்லை என்றார்.

யசுகோரோ படத்தை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தார். மச்சம் இருந்தது. புருவம் பிளந்திருந்தது. தானே கையெழுத்துப் போட்ட படத்தில் இரண்டையும் அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

யோசித்துச் சொல்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். மொஹெய் தரையில் நெற்றி படக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கினு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நெஜமா சொல்லுங்க. எங்க பாத்தீங்க இவள?"

"பாக்கவே இல்லன்னு சொல்றேன்ல."

"பாக்காத பொம்பளைக்கு மச்சம் எங்க இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

யசுகோரோ யோசித்து, வலது தோள் என்றார்.

"அது கொசுக்கடி," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதப் போனாள்.

அன்று முழுவதும் அவர் தூரிகையைத் தொடவில்லை. வரைந்த மூலத்தை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால் அது உலகத்திலேயே இல்லை. செதுக்குகிறவர் அதைச் செர்ரிக் கட்டையில் குப்புற ஒட்டி, பின்பக்கத் தாளை உரித்து, கோடு மட்டும் நிற்கும்படி சுற்றிலும் வெட்டியெடுத்துவிடுவார். வேலை முடியும்போது படம் மரச்சீவலோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். கட்டையிலிருந்து எடுத்த முதல் மைப்படி அவரிடம் வந்ததே, அதில் எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று குறித்துக் கொடுத்தாரே, அப்போதாவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? யோசித்துப் பார்த்தால் அந்த வாரம் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தார். உதட்டுக்குச் சிவப்பு, துண்டுக்கு நீலம் என்று அவர் முனக முனகக் குறித்தவள் கினு. அவளைக் கேட்டால், மச்சம் இருந்தது, நீங்கள் வைத்தது என்று நினைத்தேன் என்கிறாள்.

ஒருவேளை பார்த்திருப்பேனோ? பாலத்தில், படகுத்துறையில், கோவில் சந்தையில் தினம் எத்தனை முகங்கள். கண் பார்த்ததைக் கை எடுத்து வைத்துக்கொண்டு, சரியான நேரத்தில் என்னைக் கேட்காமலே வெளியே விட்டுவிட்டதோ? அப்படியானால் இத்தனை வருடமாக வரைந்த முந்நூறு பேரில் யார் யார் நிஜம்? சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இதைக் கேட்டார். ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றாள் கினு.

மறுநாள் தோமிதாயா கடைக்குப் போனார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார்.

"யோவ் ரன்கெய், நீ வரஞ்சதுல ஒருத்தியத்தான் இதுவரைக்கும் ஒருத்தன் தன் பொண்டாட்டின்னு தேடிட்டு வந்திருக்கான். சந்தோஷப்படாம எதுக்குய்யா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

அவரிடம் அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. கட்டை செதுக்கிய கென்ஷிச்சியைக் கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னார். கென்ஷிச்சி முகமும் தலைமுடியும் மட்டும் செதுக்குகிற பெரிய கை. பதினொரு வருடமாக யசுகோரோவின் பெண்களுக்கு முடியிழை பிரித்தவர். ஆனால் வரைந்த தாள் தோமிதாயா வழியாகப் போய், மைப்படியும் அதே வழியாகத் திரும்புவதால் இருவரும் வருடத்துக்கு ஒருமுறை புத்தாண்டு விருந்தில் பார்த்துக்கொள்வதோடு சரி. அவர் வீட்டுக்கு யசுகோரோ போனதே இல்லை.

தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு பாலம் தாண்டி ஷிதாயா வரை நடந்தார். சந்துக்குள் மூன்றாவது வீடு. கென்ஷிச்சி ஜன்னலோரம் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை குவித்த வெளிச்சத்தில் குனிந்து, ஒரு பெண்ணின் நெற்றி ஓரத்து முடியை வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒரு அங்குலத்துக்குள் எத்தனை இழை நிற்க வைத்தேன் பார் என்று பெருமை அடிக்கிற மனிதர். அன்றைக்கு நிமிரவே இல்லை.

"தாள்ல இருந்ததத்தான் வெட்டினேன், வாத்தியாரே. இல்லாதத வெட்டறதுக்கு நான் யாரு?"

யசுகோரோவுக்கு ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் முன்னைவிடக் குழப்பம். அப்படியானால் நான்தான் வைத்திருக்கிறேன். தட்டிக்குப் பின்னால் யாரோ காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. தேநீர் வரவில்லை. இரண்டு வார்த்தை மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

சந்து முனை திரும்பும்போது பின்னால் மரச்செருப்புச் சத்தம். ஒரு பெண் கழுத்தில் துண்டோடு ஓடி வந்தாள்.

"ஐயா, கொடைய விட்டுட்டுப் போறீங்க."

அவர் கை நீட்டவில்லை. இடது காதுக்குக் கீழே மச்சம். புருவத்தின் வாலில் ஒரு இடைவெளி. தன் படம் தனக்கே குடை கொண்டுவந்து கொடுக்கிறது என்று ஒரு கணம் அவருக்குத் தலை சுற்றியது.

"என்னங்க ஐயா, இப்படிப் பாக்கறீங்க?"

அந்த நேரத்தில் சொல்லக் கூடாததை அவர் வாய் சொன்னது. "மொஹெய் வந்திருக்காரு."

குடை சேற்றில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முகத்தில் இருந்த நிறம் போய், யசுகோரோ வழக்கமாக வரைகிற வெள்ளை முகம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

மறுபடியும் உள்ளே போய் மூவரும் உட்கார்ந்தபோது கென்ஷிச்சி உளியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. தாமி ஷிதாயாவுக்கு வந்து, சந்து முனை நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவினாள். கென்ஷிச்சி அங்கே தினமும் சாப்பிடுவார். ஒரு வருடம் போனது, அவர் வீட்டிலேயே குடியேறிவிட்டாள். அக்கம்பக்கம் அவளை அவர் மனைவி என்றே நினைக்கிறது. பழைய புருஷன் விலக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அவன் போய் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் இருவர் தலையும் உடம்பில் இருக்காது.

"அப்ப மச்சம்?" என்று கேட்டார் யசுகோரோ. இரண்டு பேருடைய உயிர் நடுவில் கிடக்கும்போது இதைக் கேட்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

கென்ஷிச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒங்க தாள்ல இல்ல, வாத்தியாரே. கோவிச்சுக்காதீங்க, மொகம் கழுவி வெச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. எதிர்ல இவ ஒக்காந்து அவரைக்கா நறுக்கிட்டிருந்தா. கை தானா வெச்சிருச்சு. அப்புறம் புருவத்தையும் பிரிச்சிருச்சு. வெட்டினப்புறந்தான் பயம் வந்துச்சு. அதுக்குள்ள கடைக்குப் போயிருச்சு கட்டை."

யசுகோரோவுக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் பேசிய படத்தில் பேசும்படி இருந்தது அவருடையது இல்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். வரவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தாமியைப் பார்த்து, மொஹெய் அடிப்பாரா, குடிப்பாரா என்று கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தாள். அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணைப் பார்த்ததில்லை. ஒரு பையன் இருந்தான், கிச்சி. நாலு வயதில் அம்மை வந்து போய்விட்டான்.

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவரு எங்கிட்டப் பேசல, ஐயா. ஒரு வார்த்த இல்ல. பையன் பேரு சொல்லல. காலைலருந்து பொழுது சாயற வரைக்கும் பீப்பா வளையத்தத் தட்டிக்கிட்டே இருப்பாரு. அந்தச் சத்தம் மட்டுந்தான் வீட்ல. நான் அழுதாக்கூட சத்தமாத் தட்டுவாரு. அன்னைக்குத் தண்ணிக்குப் போனேன். கெணத்தடிக்கு அந்தச் சத்தம் கேக்கல. அப்படியே நடந்துட்டேன்."

பயப்படாதீர்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று யசுகோரோ வாக்குக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் மொஹெய்யை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தார். பெற்ற பிள்ளை போன பிறகு பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாத கல்லு.

வீட்டு வாசலில் அந்தக் கல்லு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. முன்னால் கினுவின் அரிசித்தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, மூங்கில் வளையம் புதிதாகப் போட்டாகிவிட்டது. பக்கத்தில் அண்டை வீட்டு வாளிகள் ஏழெட்டு. பாதி ஒண்டுக்குடித்தனம் சுற்றி நின்றது. மொஹெய் தட்டிக்கொண்டே கிச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் பெரிய பீப்பாய்க்குள் இறங்கி ஒளிந்துகொண்டு, தன் குரல் உள்ளே எதிரொலிப்பதைக் கேட்டுச் சிரித்ததை. தவளையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தூங்கியதை. கினு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணே, கொஞ்சம் நூடுல்ஸ் சாப்பிட்டுப் பேசுங்க என்று கிண்ணத்தை நீட்டினாள்.

யசுகோரோ ஈரச் செருப்போடு அப்படியே நின்றார். தாமி பொய் சொன்னாளா? அவள் சொன்ன மொஹெய் வேறு, இவர் வேறா? அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவள் மாதிரி இல்லை. இவரைப் பார்த்தாலும் இல்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று அவருக்கே நேற்றிலிருந்துதானே தெரியும்.

மொஹெய் தினமும் வந்தார். சத்திரத்தில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் யசுகோரோ வீட்டு வாசலில் தொட்டியும் வாளியும் சரிசெய்தார். அவசரப்படுத்தவில்லை. ஐயாவுக்கு ஞாபகம் வரும்போது வரட்டும் என்பார். ஐயா உள்ளே விசிறி விற்கும் பெண் ஒருத்தியை வரைய உட்கார்ந்து, முட்டை வடிவம் போட்டு, கண் போட்டு, கசக்கி எறிந்து, மறுபடி முட்டை வடிவம் போட்டார். எல்லாம் தட்டாகவே வந்தது. கினுவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். அவள் மொஹெய்யை உடன்பிறந்தவரைப் போலக் கவனிப்பதைப் பார்த்ததும் மூடிக்கொள்வார். சொன்னால் அங்கே இரண்டு தலை. சொல்லாவிட்டால் இங்கே இந்த மனிதர்.

ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டார்.

"நீங்க வீட்லயும் இப்படித்தான் பேசுவீங்களா, மொஹெய்?"

சுத்தியல் நின்றது.

"இல்லீங்க. அவ இருந்த வரைக்கும் பேச மாட்டேன். வாயத் தொறந்தா பையன் பேரு வந்துரும். கேட்டா அவ அழுவா. அவ அழக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன். அழற சத்தம் கேட்டா தாங்காது, அதான் தட்டிக்கிட்டே இருப்பேன். அவ போனப்புறம் யார்கிட்ட வேணா பேசறேன். படகுக்காரன்கிட்ட. காலிப் பீப்பாகிட்ட." வாளியைத் திருப்பி வைத்தார். "அடுத்த மாசம் பதிமூணாந்தேதி செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாளு, வழி காட்ட வாசல்ல தீ வெக்கணும். கிச்சிக்கு ஒண்ணு வெப்பேன், அது சரி. இவளுக்கு வெக்கறதா வேணாமா? மொத வருஷம் வெக்கல. செத்துப்போயிருந்தா வாசல்ல வந்து நின்னு, நமக்குத் தீ இல்லையேன்னு திரும்பிப் போயிருப்பாளேன்னு தூக்கமே வரல. போன வருஷம் வெச்சேன். உசுரோட இருக்கறவள நானே கொன்ன மாதிரி இருந்துச்சு. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணும் வேணாம், ஐயா."

கால்வாயில் காய்கறிப் படகு ஒன்று போனது. யசுகோரோவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. வாக்கை மீறுகிறோமா, மீறாமல் சுற்றி வருகிறோமா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"இந்த வருஷம் அவளுக்குத் தீ வெக்காதீங்க," என்றார்.

மொஹெய் தலையாட்டினார். சுத்தியலை எடுத்து வளையத்தை மூன்று தட்டு தட்டினார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"சாப்புடறாளா?"

"சாப்புடறா."

"எளச்சிருக்காளா?"

"முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதே," என்றார் யசுகோரோ பரிதாபமாக.

மொஹெய் சிரித்தார். அந்த ஆறு நாளில் அவர் சிரித்து யசுகோரோ பார்த்தது அதுதான் முதல். எங்கே இருக்கிறாள், யாரோடு இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. மூன்று வருடம் ஒரு பெண் உயிரோடு இருந்து வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பவில்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்பது பீப்பாய்க்காரருக்கும் தெரியும். தூரிகையும் ஒரு தாளும் கிடைக்குமா என்றார்.

யசுகோரோ மை தேய்த்துக் கொடுத்தார். விலக்குச் சீட்டு மூன்றரை வரி இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் மூன்று நீளக் கோடும் ஒரு பாதிக் கோடும் போட்டால் போதும், எந்த ஊரிலும் செல்லும். மொஹெய் தூரிகையை உளி பிடிப்பது போல இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலிருந்து கீழாக முதல் கோட்டை இழுத்தார். நேராக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது பாதியில் நடுங்கி வலதுபக்கம் ஒதுங்கிப் போனது. கடைசிப் பாதிக் கோட்டைப் போடுவதற்கு முன்னால் தூரிகையை மையில் இரண்டு முறை தோய்த்தார். போட்டுவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்தி அடியில் பதித்தார். யசுகோரோவுக்கு அந்தக் கோடுகளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வாசல்வரை வந்த கினு தாளைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

"வீட்டுக்கு வான்னு சொல்லல," என்றார் மொஹெய். "இது அவகிட்ட இருக்கட்டும். வேணும்னா வெச்சுக்கட்டும், வேணாம்னா அடுப்புல போடட்டும். பையன் கல்லறைய நான் சுத்தமா வெச்சிருக்கேன், அத மட்டும் சொல்லிருங்க."

மிச்சமிருந்த இரண்டு வாளிகளை முடித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் காலைப் படகில் போய்விட்டார். படத்தை எடுத்துக்கொண்டு போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று யசுகோரோ வீடெல்லாம் தேடினார். காணோம். கொண்டுபோயிருக்கிறார்.

தாளை ஷிதாயாவுக்குக் கொண்டுபோன அன்று தாமிக்கு என்ன வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அழுகை என்று கினு அடித்துச் சொல்வாள், ஆனால் அவள் அங்கே இல்லை. தாமி தாளை மடியில் விரித்து, மூன்றாவது கோட்டில் விரலை வைத்து, நடுங்கிய இடம்வரை கொண்டுபோனாள். மொஹெய் சொன்னதை எல்லாம் யசுகோரோ ஒன்றுவிடாமல் சொன்னார். பேசாமல் இருந்ததன் காரணத்தையும் சொன்னார். பீப்பாய்க்குள் ஒளிந்த கதை வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"பேரு சொன்னாரா? கிச்சின்னா?"

ஆமாம் என்றார். இரண்டாவது தடவை கேட்டாள். ஆமாம் என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது குரலில் இருந்தது கோபம் என்று அவருக்குத் தோன்றியது.

"எங்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா," என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

கென்ஷிச்சி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தலை தப்பியது, இனி தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் எதையோ பறிகொடுத்தவர் மாதிரித்தான் இருந்தார். அவரே கடைக்குப் போய், கட்டையில் அந்த மச்சத்தை ஒரு கீறலில் சீவி எடுத்துவிட்டு வந்தார். தோமிதாயா கடைக்காரர் கூச்சல் போட்டார். மச்சமில்லாமல் அச்சான படங்களை ஜனங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

கோவில் பதிவேட்டில் தாமி கென்ஷிச்சியின் மனைவியாக ஏறினாள். இலையுதிர் காலத்தில் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டாயிற்று. கினு முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மொஹெய் அண்ணனை இப்படிப் பண்ணினவள் என்று முணுமுணுத்தாள். பிறகு ஊறுகாய் போடுவதில் இருவருக்கும் ஒரு வாக்குவாதம் வந்து, அதில் சிநேகமாகிவிட்டார்கள்.

வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகிற வாரம், கல்லறைகளுக்குப் போகிற நாட்கள், தாமி நோடாவுக்குப் போக வேண்டும் என்றாள். கிச்சியைப் பார்த்துவிட்டு வரலாம். தனியாகப் போவது முறையில்லை என்று கினு கூடப் போனாள். கென்ஷிச்சி போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போய் வா என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் யசுகோரோ படகுத்துறைக்குப் போனபோது கென்ஷிச்சி அவருக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். காலையிலிருந்து நிற்பதாகப் படகுக்காரர்கள் சொன்னார்கள். முதல் படகில் மூட்டைகள் மட்டும் வந்தன. இரண்டாவதில் துறவிகள் நாலு பேர்.

"வாத்தியாரே," என்றார் கென்ஷிச்சி, ஆற்றைப் பார்த்துக்கொண்டே. "அவ வரலன்னா அது தப்பில்லதான?"

யசுகோரோ புகையிலைப் பையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மூன்றாவது படகில் கினுவின் குரல் முதலில் வந்தது, படகோட்டியோடு சண்டை. அவளுக்குப் பின்னால் தாமி இறங்கினாள். கென்ஷிச்சியின் முன்னால் வந்து நின்று, மூட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் ஷிதாயாவைப் பார்த்து நடந்தார்கள், ஒரு முழ இடைவெளி விட்டு.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது யசுகோரோ அடக்க முடியாமல் கேட்டார். கல்லறை முன்னால் தாமியும் மொஹெய்யும் அரைநாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருமுறை இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள் என்றாள் கினு. என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, தான் தள்ளி உட்கார்ந்து அரிசி உருண்டை தின்றுகொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"அப்ப அவ திரும்பி வந்தது இஷ்டப்பட்டா, இல்ல வேற வழியில்லாமயா?"

"நீங்கதான மொகம் எழுதறவரு. படகுத்துறையில மூணு அடி தூரத்துல நின்னு பாத்தீங்க. நீங்களே சொல்லுங்க."

யசுகோரோ துணியால் காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். இறங்கியபோது அவள் முகத்தை நன்றாகத்தான் பார்த்திருந்தார். வெயில் அடித்தது. கண் சுருங்கியிருந்தது. வெயிலுக்கா என்பது தெரியவில்லை. எழுந்து போய் ஒரு தாளை எடுத்து விரித்து, முட்டை வடிவத்தைப் போடாமல் முதலில் அந்தக் கண்ணை எழுதிப் பார்த்தார். சரியாக வரவில்லை. இன்னொரு தாளை எடுத்தார்.